சொந்தக்காரர் கதிரை

தலைவர், நீங்கள் சொன்னது பொய்.

சித்திரை விளையாட்டு விழா அன்று, சனசமூக நிலைய மைதானத்தில், ஊர் முழுக்கக் கூடியிருந்த நேரத்தில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னீர்கள். நிலையத்து லப்டொப்களுக்குள் இருந்த வைஃபை கார்டுகளை அந்தப் பெண் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்றீர்கள். இதை நிலையத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தந்தால் நீங்கள் போட மாட்டீர்கள். ஆகவே எல்லோரும் வாசிக்க இங்கே எழுதுகிறேன். நான் எழுத்துக்காரி அல்ல. படகு கட்டுகிற ஜெட்டிக்குப் போகிற வழியில் கயிறும் நங்கூரமும் வலை மிதப்பும் விற்கிறவள். வார்த்தை சொரசொரப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொறுக்காமல் விடுங்கள்.

அன்று உங்கள் பேச்சைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அவர்களுக்காக முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டோம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். குறிஞ்சாக்கேணியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். என் கடைக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும்தான். அந்த அறையில் இருந்து கணினி திருத்தினார்.

அறையில் உட்கார இரண்டு கதிரைகள். ஒன்று அவருடையது. மற்றது சொந்தக்காரருடையது. கணினி யாருடையதோ அவர் வந்து அந்தக் கதிரையில் இருந்தால்தான் ராத்தா அதைத் தொடுவார். நடுவில் அவர் எழுந்து வெற்றிலை வாங்கப் போனால், ராத்தாவும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஆள் திரும்பி வந்து இருக்கும்வரை ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த இத்தனை வருடத்தில் அந்தச் சட்டத்தை அவர் ஒருமுறைகூட மீறியதில்லை.

துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கிற ஒருவர் ஒருநாள் லப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இதைப் போர்மட் அடிச்சு வையுங்கோ. பின்னேரம் ஆள் அனுப்பிறன்.”

“நீங்க இரிங்க சேர்.”

“எனக்கு வேலை கிடக்கு.”

“அப்ப வேலைய முடிச்சிட்டு வாங்க. இதையும் கொண்டு போங்க.”

“உங்களை நம்பித்தானே தாறன்.”

“நீங்க நம்புறீங்க சேர். நான்தான் நம்புறல்ல.”

“ஆரை?”

“என்னைத்தான்.”

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. லப்டொப்பைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் கயிறு அளந்துகொண்டிருந்த நான் அளவை விட்டுவிட்டேன். வந்த வேலையை இப்படி யாராவது திருப்பி அனுப்புவார்களா?

“ராத்தா, நான் கயிறு வெட்டேக்க வள்ளத்துச் சம்மாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்தி வச்சே வெட்டுறன்?”

“கயித்துக்குள்ள ஆரும் புள்ளைட படத்த வைக்கிறல்ல தங்கச்சி.”

அவருடைய பதில் எல்லாம் இப்படித்தான். மெதுவாக வரும். அதனால் இன்னும் கோபம் வரும்.

ஏன் இப்படி என்று நான் கேட்காமல் இல்லை. ஒரு மத்தியானம் தானாகவே சொல்லத் தொடங்கினார். சண்டைக் காலம், அவர் சின்னப் பிள்ளை, எல்லோரையும் வீட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே யாரோ அலுமாரியைத் திறக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, இழுப்பறைகள் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கதை அந்த இடத்துக்கு வந்தபோது ஒரு கப்பல் ஊதியது. நீளமாக ஊதியது. ஊதி முடிந்தபோது ராத்தா கதையை விட்டிருந்தார். “தேத்தண்ணி குடிப்பமா?” என்றார். பிறகு எப்போதும் அந்தக் கதைக்கு அவர் திரும்பவில்லை.

அந்த அறையில் நேரம் வேறு மாதிரிப் போகும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஊரே அடுப்புக்குள் கிடப்பது போலக் கிடக்கும். அவருடைய அறையில் மட்டும் ஒரு குளிர் இருக்கும். பின் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, கூரையில் வெள்ளி வலை போல ஆடிக்கொண்டிருக்கும். தூரத்தில் கொட்டியாரக் குடாவில் கப்பல்கள் போவதும் தெரியாமல் நிற்பதும் தெரியாமல் இருக்கும். கணினியில் நூற்றுக்கு இத்தனை வீதம் முடிந்தது என்று ஒரு எண் ஊர்ந்துகொண்டிருக்கும். சொந்தக்காரர் அதைப் பார்ப்பார். பிறகு கூரையைப் பார்ப்பார். பிறகு கப்பலைப் பார்ப்பார். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வந்து தலையை நீட்டி, காகிதம் ஏதும் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போகும். யாரும் கதைக்க மாட்டார்கள். அல்லது எல்லாவற்றையும் கதைப்பார்கள்.

இழுவைப் படகில் வேலை செய்கிற ஒருவர் அந்தக் கதிரையில் அப்படியே நித்திரையாகிவிட்டார். ராத்தா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“ஆள் கதிரையில இருக்குதானே? செய்யுங்கோவன்,” என்றேன்.

“ஆள் எங்க இஞ்ச இரிக்கார்? எங்கயோ கடல்ல இரிக்கார்.”

அந்த மனிதர் நித்திரையில் “இழு, இழு” என்று யாருக்கோ சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் எழும்பும்வரை ராத்தா காத்திருந்தார். எழும்பியதும், “கரைக்கு வந்திட்டீங்களா? தொடங்கட்டா?” என்று கேட்டார். அவர் “ஓம்” என்ற பிறகுதான் தொட்டார்.

இனி வைஃபைக்கு வருகிறேன். உங்கள் பொய் அதைப் பற்றியதுதானே.

போர்மட் அடிப்பது என்றால், கணினிக்குள் இருப்பதெல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதை இயக்குகிற அமைப்பைப் புதிதாகப் போடுவது. அழிக்க முன்னம் ராத்தா சொந்தக்காரரிடம் கட்டாயம் கேட்பார்: “இதுக்குள்ள என்ன இரிக்கு?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆட்களுக்கு நேரம் எடுக்கும். கலியாணப் படம், பரீட்சைப் பாடம், வெளிநாட்டிலிருந்து மகன் பாடி அனுப்பிய பாட்டு என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைப்பார். அதோடு இன்னொன்றையும் எடுத்து வைப்பார். அதைச் சொந்தக்காரர்கள் ஒருநாளும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

கணினிக்குள் வைஃபையைப் பிடிப்பதற்கு ஒரு சின்ன கார்ட் இருக்கிறது. தபால் முத்திரை அளவு. அந்தக் கார்ட்டோடு கணினி கதைப்பதற்கு ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். டிரைவர் என்பார்கள். புதிதாக அமைப்பைப் போடும்போது சில கணினிகளில் அது தானாக வந்துவிடும். சிலவற்றில் வராது. வராவிட்டால் கார்ட் உள்ளே நல்லபடியாக இருந்தாலும் கணினிக்கு அது தெரியாது. வைஃபை அடையாளமே திரையில் இருக்காது. அதை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும். ராத்தா அந்த மென்பொருட்களை முன்கூட்டியே பென் டிரைவ்களில் எடுத்து, என் கடையில் வாங்கிய தங்கூசித் தூண்டில் நரம்பில் கோத்து, ஆணியில் தொங்கவிட்டிருப்பார். காற்றுக்குக் கருவாடு போல ஆடும்.

கட்டைபறிச்சானிலிருந்து ஒரு அம்மா மகளின் லப்டொப்பைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். வேறு எங்கோ கொடுத்துப் போர்மட் அடித்திருக்கிறார்கள். வைஃபை இல்லாமல் போய்விட்டது. மகளுக்கு அடுத்த நாள் காலை இணையத்தில் கம்பஸ் வகுப்பு. திருத்தினவர், கார்ட் செத்துவிட்டது, புது லப்டொப் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அழுதுகொண்டு நின்றார். மகள் அழாமல் நின்றாள், அது இன்னும் மோசம்.

“ஆருட லப்டொப்?” என்று கேட்டார் ராத்தா.

“மகளின்ட.”

“அப்ப மகள் இதுல இரிங்க. உம்மா நீங்க அங்கால இரிங்க.”

அந்த லப்டொப்புக்குப் பொருந்துவது ஆணியில் தொங்கியவற்றில் இல்லை. மகளுடைய போனைக் கேட்டு வாங்கி, சார்ஜ் கேபிளால் லப்டொப்பில் குத்தினார். போனில் ஒரு இடத்தைக் காட்டி, “இத நீங்களே அமத்துங்க,” என்றார். அமத்தியதும் போனில் இருந்த இணையம் கேபிள் வழியாக லப்டொப்புக்குள் போனது. கேபிளுக்கு அந்த டிரைவர் தேவையில்லை. பிறகு கணினியின் உறுப்புகளெல்லாம் வரிசையாக வருகிற ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒன்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் இருந்தது.

“பாத்தீங்களா மகள், இரிக்கு. பேர் தெரியாம நிக்கிது. அவ்வளவுதான்.”

பெயரைக் கண்டுபிடித்து, அதற்குரியதை இறக்கிப் போட்டார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கேபிளைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையின் மூலையில் ஒரு பெயர் வந்தது. ஐஸ் கம்பனியின் பெயர். அதற்குக் கீழே மேல்வீட்டுப் பிள்ளையின் பெயர். பிறகு ஜெட்டியில் கட்டியிருந்த ஏதோ ஒரு படகின் பெயர். ஒன்றன் கீழ் ஒன்றாக, மைம்மல் பொழுதில் கரை வீடுகளில் விளக்குக் கொளுத்துவது போல வந்துகொண்டேயிருந்தன. நாங்கள் நான்கு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவும் இந்த அறைக்குள், எங்களைச் சுற்றி, இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. அப்போதுதான் அந்த மகள் அழுதாள்.

அவருடைய குணம் எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு லப்டொப்போடு வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

“அண்ணன் கடல்ல போயிட்டான். இது அவன்ட. பாஸ்வேர்ட் தெரியாது. உடைச்சுத் தாங்கோ.”

“சொந்தக்காரர் இல்லாம நான் திறக்கிறல்ல தம்பி.”

“அவன் செத்துப் போனான் எண்டு சொல்றன். விளங்கேல்லையோ?”

“விளங்குது. அதான் சொல்றன்.”

நான் கயிற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். “செத்தவனைக் கொண்டுவந்து கதிரையில இருத்தச் சொல்றீங்களே? உங்களுக்கு இருதயம் இல்லையே?” என்று கத்தினேன். ராத்தா என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதரிடம் கேட்டார்:

“அவருக்குப் பெஞ்சாதி இரிக்காவா?”

“இருக்கிறா.”

“அவவக் கேட்டுத்தான் கொண்டு வந்தீங்களா?”

அவர் லப்டொப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்று முழுக்க ராத்தாவோடு கதைக்கவில்லை.

அடுத்த கிழமை அந்த மனைவி வந்தார். தனியாக வந்தார். கதிரையில் இருந்து, மடியில் இருந்த லப்டொப்பைத் தானே மேசையில் வைத்தார். திறப்பதற்கு வெகு நேரம் எடுத்தது. அவர் ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை, கூரையில் ஆடிய வெளிச்சத்தையே பார்த்தார். கடைசியில் திரை திறந்தது. முகப்பில் ஒரு படம். ஒரு ஆள் பெரிய பாரை மீன் ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

“மூடுங்கோ,” என்றார் அந்தப் பெண்.

ராத்தா உடனே மூடினார். அந்தப் பெண் நெடுநேரம் அங்கேயே இருந்தார். எழுந்தபோது ராத்தா, “எப்ப மனம் வருதோ அப்ப வாங்க புள்ள. நீங்க வந்தா மட்டும்தான் திறப்பன்,” என்றார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்தத் தம்பியை அப்படி அனுப்பியது இன்றைக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வாய்த் தேத்தண்ணியாவது கொடுத்திருக்கலாம்.

இப்படிப்பட்ட ஆளைத்தான், தலைவர், நீங்கள் சொன்னீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லப்டொப் அனுப்பினார்கள். ராத்தா கிழமையில் இரண்டு பின்னேரம் வந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் கேட்கவில்லை. புருஷன் கப்பலில், மகள் கட்டாரில் என்று இருக்கிறவர்கள் வருவார்கள். போனில் நகம் அளவு தெரிந்த முகத்தைப் பெரிய திரையில் பார்ப்பார்கள். நானும் போனேன். எனக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. சும்மா போனேன்.

ராத்தாவின் உம்மாவுக்குச் சுகமில்லாமல் அவர் கொஞ்ச நாள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். லப்டொப்கள் மெதுவாக ஓடுகின்றன என்று நீங்கள் சொல்ல, அவர் ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் போர்மட் அடித்தார். ஒன்றிலும் எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி லப்டொப். எல்லாவற்றிலும் வைஃபை போய்விட்டது. உங்கள் மருமகன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதை அங்கே நின்ற செயலாளர் கேட்டிருக்கிறார்: “வைஃபை காட்டுதில்லை மாமா. கார்ட் உள்ளுக்க இருக்கோ தெரியாது. திறந்துதான் பார்க்கோணும்.” சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார். நீங்கள் திறந்து பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. நேரே மைதானத்துக்கு வந்தீர்கள்.

கயிறிழுத்தல் போட்டிக்கு என் கடைக் கயிறு வந்திருந்தது, அதனால் நான் முன்வரிசையில் நின்றேன். ராத்தாவும் அன்றுதான் திரும்பி வந்திருந்தார். ஓடிக் களைத்து வருகிற பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

“ஆளைப் பார்த்து நம்பினம்,” என்றீர்கள். “எங்கட ஊர் ஆளுமில்லை. இருந்த வைஃபை கார்ட் முழுக்கக் கழட்டிப்போட்டா. இனிமேல் எங்கட பொருளை எங்கட ஆக்கள்தான் தொடவேணும்.”

சிலர் கை தட்டினார்கள். எங்கட ஆக்கள் என்றால் முஸ்லிம் இல்லாத ஆக்கள் என்று எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பொய் அவ்வளவு வேகமாக ஓடியதற்குக் காரணமும் அதுதான். அதை நான் பூசி மெழுகிச் சொல்லப் போவதில்லை.

ராத்தா தண்ணிச் சாடியைக் கீழே வைத்தார். ஈ மொய்க்கும் என்று மூடியைப் போட்டார். பிறகு மைதானத்துக் குறுக்கால், ஓட்டப் பந்தயத்துக்கு அடித்த வெள்ளைக் கோடுகளைத் தாண்டித் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.

அடுத்த நாள் நான் அவருடைய அறைக்குள் புகுந்தேன்.

“வாங்கோ ராத்தா. ஸ்குரூ டிரைவரை எடுங்கோ. செயலாளரிட்ட நிலையத்துப் பூட்டுத் திறப்பு இருக்கு. கழட்டி அவற்ற மூஞ்சியில காட்டுவம்.”

“சொந்தக்காரர் வந்து பக்கத்துல இரிக்கட்டும். திறக்கிறன்.”

“இப்பவும் உந்தச் சட்டமோ? கள்ளி எண்டு சொல்லிப்போட்டார் உங்களை!”

“அவர் இல்லாம நான் திறந்தா, அப்பதான் கார்டக் கொண்டுவந்து வச்சவ எண்டு சொல்லுவார் தங்கச்சி.”

நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தேன்.

உங்களுக்குச் சொல்லி அனுப்பினார். வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள், போதும் என்று. நீங்கள் வரவில்லை. வகுப்பு நின்றுபோயிருந்தது, ஆனாலும் அதற்குரிய பின்னேரங்களில் ராத்தா வழமை போல வந்து, பூட்டின நிலையத்தின் வாசலில் ஒரு கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் இன்னொரு கதிரை. வேப்ப மர நிழல் அவர்மேல் வந்து, வெற்றுக் கதிரைமேல் போய், முற்றத்தில் நீண்டு, இல்லாமல் போகும். அப்போது எழுந்து போவார். ரோட்டால் போகிறவர்கள் அவரைப் பார்த்துக் கதையை நிறுத்துவார்கள். சிலர் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் கோபமாக இருந்தது போலத் தெரியவில்லை. யாரோ வரப்போகிற வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தார்.

நான் அதைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு வந்தேன். ஒருநாள் கோபத்தில் செயலாளரிடம் சந்தாப் பணம் கட்ட மாட்டேன் என்று சொல்லப் போனேன். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் சந்தா கட்டுகிற அங்கத்தவள். வகுப்புக்கு வந்த பெண்கள் எல்லோரும் அங்கத்தவர்கள். அந்த லப்டொப் தலைவருக்கு வந்ததல்ல, நிலையத்துக்கு வந்தது.

செயலாளர் பயந்த மனிதர். “தலைவர் இல்லாமல் எப்படித் திறக்கிறது?” என்றார்.

“நிலையம் என்ன தலைவற்ற சீதனமோ?” என்றேன். “திறப்பைத் தாங்கோ. நீங்களும் வந்து நில்லுங்கோ.”

ராத்தாவிடம் போய், “சொந்தக்காரி வந்திருக்கிறன், வாங்கோ,” என்றேன். கையில் இருந்த துணியை மேசையில் வைத்தார். பிறகு முதல் தடவையாக என் பகிடி ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தார். அது பகிடி அல்ல. அது அவருக்கும் தெரியும்.

அன்று மழை. நிலையத்துக்குள் எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு லப்டொப்புக்கும் ஒருத்தி என்று முறை வைத்துக் கதிரையில் இருந்தோம். ஒவ்வொருத்தியிடமும் ராத்தா கேட்டார்: “தொடங்கட்டா?” ஓம் என்றோம். கவிழ்த்து, ஸ்குரூ ஆணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பச்சைப் பலகையில் அந்தச் சின்னக் கார்ட், கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு மெல்லிய வயர்களோடு, கூட்டில் குஞ்சு கிடப்பது போலக் கிடந்தது. எல்லாவற்றிலும் கிடந்தது. ஒன்றில் மட்டும் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சை பிடித்துச் செத்திருந்தது. அதையும் ராத்தா மறைக்கவில்லை. செயலாளரைக் கூப்பிட்டு, “இது போச்சு. வேற போடணும்,” என்று காட்டினார். மற்றவற்றை மூடி, போனைக் கேபிளால் குத்தி, ஒவ்வொன்றாகத் திரும்ப உயிர்ப்பித்தார். கடைசி லப்டொப்பில் வைஃபை வந்தபோது மழையும் விட்டிருந்தது. ஒருத்தி கட்டாரில் இருக்கிற மகளை அழைத்தாள். மகள் திரையில் வந்து, “என்னம்மா, எல்லாரும் ஏன் அழுறீங்கள்? ஆர் செத்தது?” என்று கேட்டாள்.

செயலாளர் உங்களிடம் வந்து சொன்னார். நானும் கூட வந்தேன். நீங்கள் சாப்பிட்டு முடித்து, வீட்டுக் குசினி வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தீர்கள்.

“சரி சரி, விடுங்கோ. இப்ப வேலை செய்யுதுதானே,” என்றீர்கள். பிறகு, “ஒண்டு வேலை செய்யேல்லையாமே?” என்றீர்கள்.

அவ்வளவுதான் உங்கள் வாயிலிருந்து வந்தது. அதுவும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

ராத்தாவின் அறைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. வந்தவர்களும் அவர் சொல்ல முன்னமே கதிரையை இழுத்துப் போட்டு, அவருடைய கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நாளில் அறையை விட்டுவிட்டுப் போனார். இப்போது அங்கே ஜூஸ் விற்கிறார்கள். பலகைச் சுவரில் பாட்டுச் சத்தம் அதிரும்.

போன மாதம் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள். “நிலையத்துக் கார்ட் எடுத்தாவே, அவதான்,” என்று ஒருவர் சொன்னார். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தப் பொய் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

ராத்தா முற்றத்தில் இருந்தார். களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடையதுதான். பக்கத்தில் இருக்கிறேன் என்றும் சொன்னாள்.

“நான் இப்ப பாக்கிறல்ல புள்ள,” என்றார் ராத்தா.

அவள் போன பிறகு ஏன் என்று கேட்டேன். களப்பைப் பார்த்தபடி சொன்னார்: “ஆணியக் கழட்டப் போனா கை தானா மடிக்கு வந்திடுது தங்கச்சி. நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ எண்டு.”

“தலைவரைக் கூப்பிட்டுக் கேக்கட்டா?”

“அவருக்குத் தெரியும்தானே. விடுங்க.”

“அவருக்குத் தெரிஞ்சாக் காணுமே? கேட்ட சனத்துக்குத் தெரியவேணாமே?”

அவர் தேத்தண்ணி ஊற்றப் போனார். அவர் விட்டுவிடலாம். அது அவருடைய மனம். நான் விட மாட்டேன்.

தலைவர், எனக்குப் போன் எடுக்க வேண்டாம். என் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். குசினி வாசலில் நின்று சொல்லவும் வேண்டாம். இந்த வருட விழாவிலும் நீங்கள்தான் பேசப் போகிறீர்கள். அங்கே, எல்லோருக்கும் கேட்க, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அந்தக் கார்டுகள் உள்ளே இருந்தனவா, இல்லையா?